யாரும் ஏறாத கயிறு

1934 ஏப்ரல் 30ஆம் தேதி லண்டனில் ஒரு விசித்திரமான விசாரணை நடந்தது. கூட்டியது ‘மேஜிக் சர்க்கிள்’ என்னும் மந்திரக் கலைஞர்கள் சங்கம். விசாரிக்கப்பட்டது ஒரு கயிறு. இந்தியாவில் வித்தைக்காரன் ஒருவன் வெட்டவெளியில் கயிற்றை ஆகாயத்தை நோக்கி வீசுவான். அது நட்ட கம்பம்போல் விறைத்து நிற்கும். ஒரு பையன் அதில் ஏறி உச்சியில் காணாமல் போவான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கு நாடுகளில் இதே பேச்சு. உண்மையிலேயே எவனாவது இதைச் செய்தானா, எவராவது பார்த்தாரா என்று ஒரு முடிவு கட்டிவிடத்தான் அந்தக் கூட்டம்.

தலைமை வகித்தவர் ஆம்ப்தில் பிரபு. 1900 முதல் 1906 வரை மதராஸின் கவர்னர். நடுவே 1904இல் சில மாதங்கள் வைஸ்ராய் நாற்காலியிலும் உட்கார்ந்தவர். விசாரணையை நடத்தியவரும் மதராஸ் ஆசாமிதான்: லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ஹென்றி எலியட். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக இருந்தவர். கண் நீர் அழுத்த நோய்க்கு அவர் வகுத்த அறுவை சிகிச்சை முறை உலக மருத்துவ நூல்களில் அவர் பெயரிலேயே பதிவானது. ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள கண் மருத்துவ அருங்காட்சியகத்துக்கும் அவர் பெயர்தான். (பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பெயர் தந்த எலியட் வேறொருவர்.) பாம்பு நஞ்சு பற்றியும் ஆராய்ந்தவர். கண் எதைப் பார்க்கிறது, மனம் எதைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறது என்பதை எடைபோட இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

கூட்டம் சொன்ன முடிவு சுருக்கமானது. அப்படி ஒரு வித்தை இல்லை; இருந்ததும் இல்லை. கயிற்றேற்றத்தைச் செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு என்றும் அறிவித்தார்கள். அன்றைய கணக்கில் 525 பவுன். எவரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

அப்படியானால் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற மாயவித்தை எங்கே பிறந்தது? கயாவிலோ காசியிலோ அல்ல. சிகாகோவில், ஒரு பத்திரிகை அலுவலகத்தில்.

1890 ஆகஸ்ட் 8ஆம் தேதி ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ இதழில் எழுதியவர் பெயரில்லாத ஒரு செய்திக் கட்டுரை வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு நண்பர்கள் இந்தியாவுக்குப் போனார்களாம். ஒருவர் படம் வரைபவர், மற்றவர் புகைப்படம் எடுப்பவர். கயாவில் ஒரு பக்கீர் நூல் உருண்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு உருண்டையை மேலே வீசினான். அது பிரிந்துகொண்டே போய்க் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மறைந்தது. ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அந்த நூலில் ஏறினான். முப்பது நாற்பது அடி உயரத்தில் மாயமாகிவிட்டான். ஓவியர் தான் கண்டதையெல்லாம் வரைந்தார். புகைப்படத்தைக் கழுவிப் பார்த்தால் அதில் நூலும் இல்லை, பையனும் இல்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் பக்கீர் மட்டும். ஆக, பக்கீர் கூட்டத்தையே வசியம் செய்து, நடக்காததை நடந்ததாகக் காட்டியிருக்கிறான் என்று கட்டுரை முடிந்தது.

கதை கட்டிய விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அற்புதத்தைச் சொல்லி, அடுத்த மூச்சிலேயே அதற்கு விஞ்ஞான விளக்கமும் தந்துவிட்டது. மூடநம்பிக்கை இல்லாதவர் என்று தன்னை நினைத்துக்கொள்ளும் வாசகரும் கூச்சமில்லாமல் நம்பலாம். ‘கயிறு நின்றது என்று நான் நம்பவில்லை, கூட்டம் வசியப்பட்டது என்றுதான் நம்புகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் நடக்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கட்டுரை அமெரிக்காவில் மறுபிரசுரமானது, ஐரோப்பாவுக்குப் போய் மொழிபெயர்ப்புகளும் வந்தன. பிரிட்டனிலிருந்து ஒரு வார இதழின் ஆசிரியர், அந்த நண்பர்களைப் பற்றி விவரம் கேட்டு ட்ரிப்யூனுக்கே கடிதம் எழுதினார். கட்டுரை வந்து நான்கு மாதம் கழித்து ட்ரிப்யூன் உண்மையை ஒப்புக்கொண்டது. வசியம் பற்றிய ஒரு கருத்தைச் சுவையாகச் சொல்வதற்காக எழுதிய கற்பனைதான் அது என்றது. புகைப்படக்காரருக்குக் கட்டுரை சூட்டியிருந்த பெயர் எஸ். எல்மோர். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் ‘கூடுதலாக விற்பனை செய்’ என்று காதில் விழும். திருடன் வாசலிலேயே விலாசம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான், எவரும் படிக்கவில்லை.

எழுதியவர் ஜான் எல்பர்ட் வில்கி என்ற நிருபர். இந்தப் பொய்யால் அவர் கெட்டுப்போகவில்லை. 1898இல் அமெரிக்க ரகசியச் சேவைத் துறையின் தலைவரானார். 1911 வரை அந்தப் பதவியில் இருந்தார். கள்ள நோட்டு அடிப்பவர்களைப் பிடிப்பது அன்று அந்தத் துறையின் முக்கிய வேலை.

மறுப்பு மட்டும் ஊர் சுற்றவில்லை. ஊர் சுற்றியது கதைதான். அதற்கேற்ற பருவமும் அதுவாக இருந்தது. 1882இல் பிரம்மஞான சபை அடையாறில் குடியேறியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் அனுப்பும் கடிதங்கள் கூரையிலிருந்து விழுகின்றன என்ற செய்தி லண்டன் வரை பரவியிருந்தது. அதை விசாரிக்க லண்டன் அமானுஷ்ய ஆய்வுச் சங்கம் அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் 1884 இறுதியில் மதராஸுக்கு வந்திறங்கினார். எல்லாம் ஏமாற்று என்று அவர் எழுதிய அறிக்கை 1885இல் வெளியானது. அறிக்கையைப் படித்தவர்களைவிட, கடிதங்களை நம்பியவர்களே அதிகம். இயந்திரமும் புகையுமாக இருந்த மேற்குக்கு, தன் விதிகள் எதுவும் செல்லுபடியாகாத ஒரு தேசம் எங்கேயாவது இருந்தாக வேண்டியிருந்தது.

வில்கி தன் கதையை வெறும் காற்றிலிருந்து நெய்துவிடவும் இல்லை. உருப்படிகள் பல நூற்றாண்டுகளாகச் சிதறிக் கிடந்தன.

மிகப் பழையவற்றில் ஒன்று சங்கரரின் உரைகளில் இருக்கிறது. மாண்டூக்கிய காரிகை உரையில் ஒரு மாயாவி வருகிறான். நூலை வானத்தில் எறிந்து, ஆயுதத்தோடு அதில் ஏறி மறைகிறான், துண்டு துண்டாக வெட்டுப்பட்டு விழுகிறான், மறுபடி எழுகிறான். பிரம்ம சூத்திர உரையிலும் கத்தி கேடயத்துடன் கயிற்றில் ஏறும் மாயாவியைக் காட்டி, ஏறுகிறவனாகத் தெரிபவன் வேறு, தரையில் நிற்கும் உண்மை ஆள் வேறு என்கிறார். அவர் வித்தைக்கு விமர்சனம் எழுதவில்லை. உலகத் தோற்றத்தை விளக்க ஓர் உவமை தேடினார். ஏறியவன் எவனும் இல்லை என்பதற்காகவே அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டார். சுருசி ஜாதகக் கதையிலும் இப்படி ஒரு வித்தைக்காரன் உண்டு. சிரிக்கவே தெரியாத இளவரசனைச் சிரிக்கவைக்க மாமரத்தை முளைக்கவைத்து, நூலைப் பற்றி ஏறி, அங்கம் அங்கமாக விழுந்து, திரும்ப உயிர்பெறுகிறான். இளவரசன் அப்போதும் சிரிக்கவில்லை.

நேரில் கண்டதாகச் சொல்பவர்களில் புகழ்பெற்றவர் இபின் பதூதா. ஆனால் அவர் பார்த்த இடம் இந்தியா அல்ல. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனத்தின் ஹாங்சௌ நகரில், ஓர் அமீரின் விருந்தில் அது நடந்தது. தோல் வார்கள் கோத்த மரப்பந்தை ஒருவன் மேலே எறிந்தான். அது கண்ணுக்கு மறைந்தது. வாரைப் பிடித்துச் சீடன் ஏறினான். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. குரு கோபத்தோடு கத்தியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினான். ஒரு கை விழுந்தது, ஒரு கால் விழுந்தது, கடைசியில் தலை. இறங்கிவந்தவன் துண்டுகளை அடுக்கி ஓர் உதை விட்டான். பையன் எழுந்து நின்றான். பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த காஜி அசரவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வெட்டவும் இல்லை, எல்லாம் கண்கட்டு என்று அவர் சொன்னதையும் பதூதா மறைக்காமல் எழுதிவைத்தார். பின்னால் இந்தக் கதையை மேற்கோள் காட்டியவர்களில் பலர் வசதியாக விட்டுவிட்டது அந்தக் காஜியைத்தான்.

17ஆம் நூற்றாண்டில் படாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இதே காட்சியைக் கண்டதாக எட்வர்ட் மெல்ட்டன் என்ற பயணி பெயரில் ஒரு விவரிப்பு இருக்கிறது. அங்கும் ஆடியவர்கள் சீனர்கள். அதே காலத்துச் சீன எழுத்தாளர் பூ சோங்லிங் சொல்லும் கதை இவை எல்லாவற்றையும்விட மனிதத்தன்மை கொண்டது. வசந்த விழாவில் அதிகாரிகள் ஒரு வித்தைக்காரனிடம், பருவம் வராத பீச் பழம் வேண்டும் என்கிறார்கள். தேவலோகத் தோட்டத்தில்தான் கிடைக்கும் என்று கயிற்றை வீசி மகனை ஏற்றுகிறான். பழம் விழுகிறது. பிறகு மகனின் தலை விழுகிறது, கைகால்கள் விழுகின்றன. தகப்பன் அழுதபடி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு, அடக்கம் செய்யப் பணம் கேட்கிறான். அதிகாரிகள் பதறிப்போய்க் கொடுக்கிறார்கள். காசை முடிந்துகொண்டதும் பெட்டியைத் தட்டி, ‘வெளியே வந்து ஐயாக்களுக்கு நன்றி சொல்லு’ என்கிறான். பையன் தலையால் மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். தெருவில் தொழில் செய்கிறவனுக்கு வித்தையின் உச்சம் எது என்று பூ சோங்லிங்குக்குத் தெரிந்திருக்கிறது.

1871இல் ஹென்றி யூல் மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்தபோது பதூதா, மெல்ட்டன் குறிப்புகளை ஒரே இடத்தில் தொகுத்துப் போட்டார். ஜஹாங்கீர் பெயரில் வழங்கும் ஒரு நினைவுக் குறிப்பையும் சேர்த்துக்கொண்டார். அதில் வங்க வித்தைக்காரர்கள் சங்கிலியை வானில் எறிய, நாயும் பன்றியும் சிறுத்தையும் சிங்கமும் புலியும் வரிசையாக ஏறி மறைகின்றன. அந்த நினைவுக் குறிப்பின் அந்தப் பிரதியே கலப்படமானது என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. இப்படி ஆசியா முழுவதும் சிதறிக் கிடந்ததை ஒரே நாட்டுக்கு எழுதிவைத்தது சிகாகோ கட்டுரை. ‘இந்தியக் கயிற்று வித்தை’ என்ற பட்டா அதன் பிறகுதான்.

நிஜமான இந்திய வித்தைக்காரர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வேண்டிய அளவு செய்துகொண்டிருந்தார்கள்.

1813இல் மதராஸிலிருந்து கப்பலேறிப் போன ஒரு குழு லண்டன் பால் மால் தெருவில் ஆட்டம் காட்டியது. செப்படி வித்தை, பித்தளை உருண்டைகளை அந்தரத்தில் சுழற்றுவது, வாளை விழுங்குவது. இந்திய உருண்டை வித்தையைப் பார்த்த வியப்பில், தன் எழுத்தில் ஒரு வரிகூட அந்தக் கைகளின் பிசகின்மைக்கு ஈடாகாது என்ற பொருளில் வில்லியம் ஹாஸ்லிட் ஒரு கட்டுரையே எழுதினார். ஆங்கிலக் கட்டுரை இலக்கியத்தில் அது இன்றும் படிக்கப்படுகிறது. ஆங்கிலேயர் ‘ராமோ சாமி’ என்று அழைத்த ஒருவர், நம் ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும், அங்கேயே தங்கி நட்சத்திரமானார். 1850இல் வறுமையில் இறந்தார். அவரை அடக்கம் செய்ய மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது. பூ சோங்லிங் கதையில் வரும் தகப்பன் போல அவள் நடிக்கவில்லை.

1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதராஸில் சேஷால் என்ற முதிய பிராமணர் காற்றில் உட்கார்ந்தார். ஆங்கிலேயர் திரண்டு பார்த்தார்கள். 1832இல் ஓர் ஆங்கில இதழ் படமும் போட்டது. தரையில் ஒரு மணை, அதில் செருகிய மூங்கில், அதன் மேல் சுருட்டிய மான்தோல். அந்தத் தோலின் மீது ஒரு கையை மட்டும் ஊன்றிக்கொண்டு, நாலடி உயரத்தில் ஜபமாலை உருட்டியபடி அமர்ந்திருப்பார். ஏறும்போதும் இறங்கும்போதும் போர்வை போட்டு மறைத்துக்கொள்வார். மூங்கிலுக்குள்ளும் மான்தோலுக்குள்ளும் புகுந்து சட்டைக் கைக்குள் போகும் இரும்புச் சட்டம்தான் ரகசியம். அதே தத்துவத்தில் 1847இல் பாரிஸில் ரொபேர் ஊதான் தன் மகனை அந்தரத்தில் கிடத்தினார். ஹாரி ஹூடினி தன் பெயரைச் செய்துகொண்டது அவரிடமிருந்துதான். மதராஸ் தெருவின் இரும்புச் சட்டம் ஐரோப்பிய அரங்கில் நவீன மந்திரக் கலை என்று பெயர் வாங்கியது.

மாங்கொட்டையைப் புதைத்துத் துணிக்கடியில் செடியாக்குவது, பையனைக் கூடையில் அடைத்து வாளால் குத்துவது, கழைக்கூத்து என்று ஊர் ஊராகத் தொழில் நடந்தது. கயிற்றின் மேல் ஆடுமகள் நடந்ததை நற்றிணையின் 95ஆம் பாட்டே சொல்கிறது. குழலும் பல வாத்தியங்களும் முழங்க அவள் நடந்த கயிற்றில் பிறகு ஒரு குரங்குக்குட்டி ஊசலாடுகிறது. இத்தனை இருந்தும் துறைமுகத்தில் இறங்கிய துரைமார்கள் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கயிறு எங்கே?

இங்கேதான் இந்தக் கதையின் உண்மையான முரண். கயிற்று வித்தைக்குப் பேச்சுவழக்கு நிபந்தனைகளை வகுத்துவிட்டது. வெட்டவெளி வேண்டும், பட்டப்பகல் வேண்டும், நாலாபக்கமும் கூட்டம் நிற்க வேண்டும், மேலே எந்தப் பிடிமானமும் கூடாது. இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் ஒரு வழியை அடைக்கிறது. இரு மேட்டுக்கு நடுவே மெல்லிய கம்பி கட்டினான் என்றால், ‘அது உண்மையான வித்தை இல்லை’ என்பார்கள். அந்தி நேரத்தில் புகைமூட்டத்தில் செய்தான் என்றாலும் அதே பதில். ஹொரஸ் கோல்டின், ஹோவர்ட் தர்ஸ்டன் போன்ற பெரும் கலைஞர்கள் அரங்கில் செய்துகாட்டினார்கள். ‘மேடையில் யார்தான் செய்யமாட்டார்கள்’ என்று ஒதுக்கினார்கள். செய்ய முடிந்தாலே அது அந்த வித்தை அல்ல என்று ஆகிவிட்டது. வரையறையிலேயே தோல்வியை எழுதிவைத்த பரீட்சை இது.

தமிழ்நாட்டில் சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் இது புரியும். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாக மோடி மஸ்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கீரி முளையில் கட்டியிருக்கும், பாம்பு கூடையில் இருக்கும், தாயத்து விற்றுக்கொண்டே இருக்கும். சண்டையை மட்டும் கண்டவர் இல்லை. ஒரு வேறுபாடு: அங்கே தாயத்து விற்றது மோடி மஸ்தான். கயிற்றுக் கதையில் லாபம் பார்த்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். கூட்டத்தின் நடுவே வெறுங்கையோடு நிறுத்தப்பட்டவன் வித்தைக்காரன்.

சாட்சிகளுக்குக் குறைவில்லை. விக்டோரியா சிலுவை பெற்ற ஹோம்ஸ் என்ற ராணுவ அதிகாரி, 1917இல் பூனா அருகே கிர்க்கியில் வித்தையைக் கண்டு தானே படமும் எடுத்ததாகச் சொன்னார். 1919இல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் படம் வெளியானது. உற்றுப் பார்த்தால் கயிற்றில் கணுக்கள்! மூங்கிலை நட்டுப் பையன் உச்சியில் சமநிலை காட்டுகிறான். கழைக்கூத்தைத் தமிழ்நாட்டுச் சிறுவன் எவனும் ஒரே பார்வையில் அடையாளம் சொல்லியிருப்பான்.

ஹோம்ஸ் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. பீட்டர் லமாண்ட், ரிச்சர்ட் வைஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டவர் வாக்குமூலங்களைத் திரட்டி 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பார்த்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடைவெளி கூடக் கூட, வித்தையும் கூடிக்கொண்டே போயிருந்தது. அண்மையில் பார்த்தவர் கயிற்றில் பையன் ஏறியதோடு நிறுத்திக்கொண்டார். பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னவருக்குப் பையன் மறைந்தான், துண்டானான், பிழைத்தும் வந்தான். கழைக்கூத்தும் கூடை வித்தையும் நினைவில் ஒன்றாகக் கலந்து, சிகாகோ கட்டுரை தந்த பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. பின்னாளில் லமாண்ட் வில்கியின் கட்டுரையைத் தேடிப் பிடித்து இதன் வரலாற்றை முழு நூலாக எழுதினார்.

1934 தீர்ப்புக்குப் பிறகும் வேடிக்கை ஓயவில்லை. ‘கராச்சி’ என்ற பெயரில் ஆட்டம் காட்டிய ஓர் ஆங்கிலேயர் சவாலுக்கு முன்வந்தார். 1935 ஜனவரியில் ஆவி ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் முன்னிலையில், ஆங்கிலேய நாட்டுப்புற வயல் ஒன்றில், அவருடைய மகன் ஏதோ ஓர் உயரம் வரை ஏறினான். மறையவில்லை. எலியட் தன் வாதங்களையெல்லாம் ‘கீழைத்தேச மாயை என்னும் கட்டுக்கதை’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாகக் கொண்டுவந்தார். 1936இல் இறந்துபோனார்.

1995இல் தில்லி குதுப் மினார் அருகே இஷாமுதீன் கான் என்ற தெரு வித்தைக்காரர் திறந்தவெளியில் கூடையிலிருந்து கயிற்றை எழுப்பி, அதில் ஒரு பையனை ஏற்றிக் காட்டினார். தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். கட்டுக்கதையாக இருந்ததை உழைத்துத் தொழிலாக்கினார். பையன் உச்சியில் மறையவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது இந்திய வித்தையை அல்ல, வில்கியின் கற்பனையை.

கற்பனைக் கயிற்றுக்கு உலகம் 500 கினி அறிவித்தது; அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. 1871இல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தின் வலையில் ஊர் சுற்றிப் பிழைக்கும் கூட்டங்கள் பல சிக்கின. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புக் கூடையும் கீரியும் குற்றமாயின. அதில் நியாயம் உண்டு, மாற்றுத் தொழில்தான் எவரும் கொடுக்கவில்லை. 1959இன் பம்பாய் பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு கேட்பதையும் பிச்சை என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. தில்லிக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது. அந்தத் தீர்ப்பு தில்லிக்கு மட்டுமே பொருந்தும்.